தகவல் தளத்திடம் கேள்வி கேட்பது எப்படி?

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பின்னால் பந்திக்கு இலை போடுகிற சத்தம் கேட்கிறது. அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைக் கணிப்பொறியில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கிற மாதிரி இணையத்தில் வைக்கப் போகிறார்கள். அந்த வேலையை இப்போது படிக்கிற மாணவர்களே செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல காரியம். ராத்திரி பதினோரு மணிக்கு மதுரை ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும் என்றால், மதுரையில் இருக்கிற நம்ம ஆளு யாரு என்று ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அதே பட்டியலில் நம் எல்லோருடைய வீட்டு முகவரியும் இருக்கிறது, தொலைபேசி எண் இருக்கிறது, நம்மோடு படித்த சகோதரிகளின் விவரமும் இருக்கிறது. அவர்கள் சங்கத்தை நம்பிக் கொடுத்தார்கள். அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

கணிப்பொறித் துறைக்குச் சம்பந்தமில்லாத அண்ணன்மார்களுக்கும் இது தெரிந்த சமாசாரம்தான். தமிழ்நாடு அரசின் தளத்தில் பட்டா பார்த்திருப்பீர்கள். மாவட்டம் என்று கேட்கும், சிவகங்கை என்று போடுகிறோம். வட்டம் காரைக்குடி. அப்புறம் கிராமம். அப்புறம் பட்டா எண், இல்லாவிட்டால் புல எண்ணும் உட்பிரிவு எண்ணும். ஒவ்வொரு பெட்டியும் ஒரு வடிகட்டி. தமிழ்நாட்டில் இருக்கிற அத்தனை நிலத்தையும் சலித்து, நாம் கேட்ட ஒரு துண்டு நிலத்தை மட்டும் கொண்டுவந்து காட்டுகிறது. பெட்டியில் நாம் போடுகிற மதிப்புக்குத்தான் பாராமீட்டர் என்று பெயர். உள்ளே தகவல் தளத்துக்குப் போகிற கேள்விக்கு வினவல், நம்ம பேச்சு வழக்கில் க்வெரி. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஆளுக்கு ஏ.பி.ஐ. என்று பெயர்.

இந்த ஏ.பி.ஐ. என்பதை நம்ம ஊர் வீட்டை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். வந்தவர் திண்ணையில் உட்காருவார். இன்ன சாமான் வேண்டும் என்பார். வீட்டு ஆள் முகப்பு தாண்டி, வளவு தாண்டி, உள் அறையைத் திறந்து எடுத்து வந்து கொடுப்பார். வந்தவர் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்து, நீங்களே போய் எடுத்துக்குங்க என்று யாரும் சொல்வதில்லை. ஏ.பி.ஐ. எழுதுகிறவன் அந்த வீட்டு ஆள். அவன் சாவியைக் கொடுத்துவிடாமல் இருக்கிறானா என்பதுதான் நம் பேச்சு.

1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் என்பவர், தகவல்களை அட்டவணைகளாக வைத்துக்கொண்டு கேள்வி கேட்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். 1974-இல் அதே நிறுவனத்தின் சேம்பர்லின், பாய்ஸ் என்ற இருவர் அந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்க ஒரு மொழியை உண்டாக்கினார்கள். அதுதான் இன்றைக்கு எஸ்.க்யூ.எல். கணிதம் தெரியாதவர்களும் கேட்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று ஆங்கில வாக்கியம் போலவே அதை அமைத்தார்கள். நம் பட்டியலில் மதுரைக்காரர்களைக் கேட்பதென்றால் இப்படி இருக்கும்:

செலக்ட் பெயர், தொலைபேசி ஃப்ரம் உறுப்பினர் வேர் ஊர் = 'மதுரை'

இந்த வேர் மரத்து வேர் இல்லை. 'எங்கே' என்பதற்கான ஆங்கிலச் சொல். எந்த வரிசைகளில் ஊர் என்பது மதுரையாக இருக்கிறதோ, அவற்றை மட்டும் எடு என்று அர்த்தம். மதுரை என்ற சொல்லுக்கு இரண்டு பக்கமும் ஒற்றை மேற்கோள் குறி இருக்கிறது பாருங்கள். இங்கே தொடங்கி இங்கே முடிகிறது மதிப்பு என்று தகவல் தளம் அதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. வம்பெல்லாம் அந்தச் சின்னக் குறியில்தான்.

முதல் தடவை எழுதுகிற மாணவர் என்ன செய்வார்? வாக்கியத்தின் முன்பாதியை எழுதுவார். பெட்டியில் வந்த ஊர்ப் பெயரை அதோடு ஒட்டுவார். கடைசியில் ஒரு மேற்கோள் குறி போட்டு முடிப்பார். மதுரை என்று போட்டால் மதுரை வரும், தேவகோட்டை என்று போட்டால் தேவகோட்டை வரும். வேலை செய்யுது சார் என்பார். செய்யத்தான் செய்யும்.

ஒரு நாள் தூத்துக்குடிப் பக்கத்து நண்பர் ஒருவரைத் தேடுவோம். பெயர் டி'சில்வா. பெயருக்கு நடுவிலேயே ஒரு மேற்கோள் குறி. ஒட்டிய வாக்கியம் இப்படி ஆகிவிடும்:

வேர் பெயர் = 'டி'சில்வா'

டி என்ற எழுத்தோடு மதிப்பு முடிந்துவிட்டது என்று தகவல் தளம் நினைத்துக்கொள்ளும். மிச்சமிருக்கிற சில்வா என்பது என்ன கட்டளை என்று புரியாமல் பிழை என்று கத்தும். பாவம், அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவங்க அப்பா அம்மா வைத்த பெயரைச் சொன்னார், அவ்வளவுதான். இதைப் பார்த்துவிட்டுப் பலர் என்ன முடிவுக்கு வருகிறார்கள் என்றால், பெயர்ப் பெட்டியில் மேற்கோள் குறி போடக்கூடாது என்று ஒரு தடையைப் போட்டுவிடுகிறார்கள். மனுஷன் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும், நம் புரோகிராமை மாற்ற மாட்டோம்! எனக்கு இது பிடிப்பதே இல்லை.

அடுத்து வருகிறவர் டி'சில்வா இல்லை. அவர் ஊர்ப் பெட்டியில் இப்படி அடிக்கிறார்: மதுரை' ஆர் '1'='1

ஆர் என்றால் 'அல்லது'. ஒட்டியபின் கிடைக்கிற கேள்வி:

வேர் ஊர் = 'மதுரை' ஆர் '1'='1'

ஊர் மதுரையாக இருந்தாலும் சரி, அல்லது ஒன்றும் ஒன்றும் சமமாக இருந்தாலும் சரி, எடு. ஒன்றும் ஒன்றும் எப்போதும் சமம். ஆகவே பட்டியல் முழுவதும் வந்துவிடும். மதுரைக்காரர்கள் பத்துப் பேரைக் கேட்கத் திறந்த ஜன்னல் வழியாக மொத்த வீட்டையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இன்னும் கொஞ்சம் விஷயம் தெரிந்தவர் என்றால் வேறு அட்டவணையையும் இதே வழியில் படிப்பார், சில இடங்களில் அழித்தும் விடுவார். இதற்கு எஸ்.க்யூ.எல். இன்ஜெக்ஷன் என்று பெயர்.

நம்ம பக்கத்து வியாபாரிகளுக்கு இது புதுசே இல்லை. காசோலையில் தொகையை எழுத்தால் எழுதிவிட்டு, கடைசியில் 'மட்டும்' என்று ஏன் போடுகிறோம்? மிச்ச இடத்தில் ஏன் கோடு இழுக்கிறோம்? நாம் ஐந்நூறு என்று எழுதியதற்கு முன்னாலோ பின்னாலோ இன்னொருவன் இரண்டு சொல் சேர்த்துவிட்டால், வங்கிக்காரருக்கு எது நம் சொல், எது அவன் சொல் என்று தெரியாது. தாளில் இருப்பதெல்லாம் நம் கட்டளை என்றே எடுத்துக்கொள்வார். தகவல் தளமும் அப்படித்தான். கேள்வியை எழுதியவன் யார், மதிப்பை எழுதியவன் யார் என்று ஒட்டுப் போட்ட வாக்கியத்தில் அதற்குத் தெரியவே தெரியாது.

இந்த ஓட்டை 1998-லேயே ஃப்ராக் என்ற இணைய இதழில் விளக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகும் நின்றபாடில்லை. 2015 அக்டோபரில் பிரிட்டனில் டாக்டாக் என்ற தொலைபேசி நிறுவனத்தில் இந்த வழியாகத்தான் நுழைந்தார்கள். 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரம் போனது. அதில் 15,656 பேருடைய வங்கிக் கணக்கு எண்ணும் அடக்கம். மறு வருஷம் அந்நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம் 4,00,000 பவுண்டு அபராதம் போட்டது. இதில் கவனிக்க வேண்டியது, ஓட்டை இருந்த பக்கங்கள் டாக்டாக் எழுதியவையே அல்ல. 2009-இல் வேறொரு நிறுவனத்தின் பிரிட்டன் வியாபாரத்தை வாங்கியபோது கூடவே வந்த பழைய பக்கங்கள். அப்படி மூன்று பக்கம் இருப்பதையே அவர்கள் சரியாகக் கவனித்திருக்கவில்லை. பழைய வீட்டை வாங்குகிறவன் கொல்லைக் கதவையும் எண்ணிப் பார்க்க வேண்டும், இல்லையா? 2023-இல் மூவ்இட் என்ற கோப்பு அனுப்பும் மென்பொருளிலும் இதே வகை ஓட்டைதான். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் மாட்டிக்கொண்டன.

இனி மருந்துக்கு வருகிறேன். மருந்து ரொம்பச் சுலபம். கேள்வியில் மதிப்பு வரவேண்டிய இடத்தில் மதிப்பை ஒட்டாமல் ஒரு கேள்விக்குறியை மட்டும் வைக்க வேண்டும்:

செலக்ட் பெயர், தொலைபேசி ஃப்ரம் உறுப்பினர் வேர் ஊர் = ?

முதலில் இந்த வாக்கியம் மட்டும் தகவல் தளத்துக்குப் போகிறது. அது இலக்கணம் பார்த்து, எந்த அட்டவணை, எந்தப் பத்தி, எந்த வழியில் தேடுவது என்று புரிந்துகொண்டு தயாராகிவிடுகிறது. பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் என்பது இதுதான். மதிப்பு தனியாக, இன்னொரு கையில் வருகிறது. அது வரும்போது கேள்வி ஏற்கெனவே முடிவாகிவிட்டது. மதுரை' ஆர் '1'='1 என்று வந்தால், அப்படி ஒரு விசித்திரமான பெயர் கொண்ட ஊரில் யாராவது இருக்கிறார்களா என்று தேடிப் பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்று சொல்லிவிடும். டி'சில்வா வந்தால் டி'சில்வா கிடைப்பார். ஒரே மருந்து, நல்லவருக்கும் கெட்டவருக்கும். அதுவும் போக, ஒரே கேள்வியைப் பல மதிப்புகளோடு திரும்பத் திரும்பக் கேட்கும்போது பல தகவல் தளங்களில் மறுபடி இலக்கணம் பார்க்கிற வேலையும் மிச்சம்.

எண்பது, தொண்ணூறுகளில் டிபேஸும் ஃபாக்ஸ்ப்ரோவும் எழுதிய அண்ணன்மார்கள் இங்கே இருப்பீர்கள். 'செட் ஃபில்டர் டு' என்று ஒரு கட்டளை போடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? மாறியின் பெயருக்கு முன்னால் 'அண்ட்' குறியைப் போட்டு, அதில் இருப்பதை அப்படியே கட்டளையாக விரித்துக்கொள்வோம். அதுவும் ஒட்டுவதுதான். ஆனால் அன்றைக்குக் கேட்பவரும் நாம், கணிப்பொறியும் நம் மேஜையில், அறைக்கு ஒரு பூட்டு. இன்றைக்குக் கேட்பவர் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்றே தெரியாது. பழைய பழக்கத்தை அப்படியே தம்பிகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள் அண்ணே.

மாணவர்கள் இங்கேதான் ஒரு கேள்வி கேட்பார்கள். சார், பெட்டி ஒன்றா இரண்டா? துறை, படித்த ஆண்டு, ஊர் என்று மூன்று இருக்கிறது. ஒருத்தர் மூன்றையும் நிரப்புவார், ஒருத்தர் ஊரை மட்டும் நிரப்புவார். எட்டு விதமாக வரலாமே, எட்டுக் கேள்வி எழுதணுமா? வேண்டாம். இரண்டு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் நிபந்தனை வாக்கியங்கள், மற்றொன்றில் மதிப்புகள். ஊர் வந்திருந்தால் முதல் பட்டியலில் 'ஊர் = ?' என்பதைச் சேருங்கள், இரண்டாவதில் வந்த ஊரைச் சேருங்கள். ஆண்டு வந்திருந்தால் அது எண்தானா என்று பார்த்துவிட்டு அதே மாதிரி. கடைசியில் நிபந்தனைகளை 'அண்ட்' போட்டுக் கோத்து, மதிப்புகளை அதே வரிசையில் கொடுத்துவிடுங்கள். வாக்கியம் நீளலாம், குறையலாம். அதில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் நாம் எழுதியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மதுரை, திருச்சி, காரைக்குடி என்று மூன்று ஊரைச் சேர்த்துக் கேட்டாலும் மூன்று கேள்விக்குறியை நாம்தான் போட வேண்டும்.

சரி, மூன்று பெட்டியும் காலியாக வந்தால்? நிபந்தனையே இல்லை. வேர் என்ற சொல்லே வாக்கியத்தில் இருக்காது. மொத்தப் பட்டியலும் கொட்டும். இதற்குத் திருடன் வரவேண்டியதில்லை, அவசரத்தில் தேடு பொத்தானை அழுத்துகிற யாராவது போதும். கடைகளின் பொருள் பட்டியல் என்றால் அப்படி வருவது நல்லதுதான். ஆள் பட்டியலில், ஒன்றாவது நிரப்புங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது என் கட்சி. நிரப்பினாலும் ஒரு தடவைக்கு இருபது பேருக்கு மேல் கொடுக்கக்கூடாது. ஆயிரம் கேட்டால் ஆயிரம் கொடுக்க நாம் டைரக்டரி அச்சடிக்கிறோமா என்ன?

பாராமீட்டர் போட்டுவிட்டோம், தப்பித்தோம் என்று இருந்துவிடவும் முடியாது. பெயர்வாரியாக வரிசைப்படுத்து, ஆண்டுவாரியாக வரிசைப்படுத்து என்று கேட்கிற வசதி வைப்பார்கள். பத்தியின் பெயரைக் கேள்விக்குறியாக வைக்க முடியாது. கேள்விக்குறி இருக்கிற இடத்தில் மதிப்புதான் வரலாம், பத்தியின் பெயரோ அட்டவணையின் பெயரோ வரமுடியாது. உடனே அவசரக்காரர்கள் அந்த ஒரு இடத்தில் மட்டும் பழையபடி ஒட்டிவிடுவார்கள். கண்ணுக்குத் தெரிகிற பெட்டியையெல்லாம் பூட்டிவிட்டு இந்த ஒரு கதவைத் திறந்து வைத்ததாக ஆகிவிடும். அனுமதித்த பத்திகள் இவை என்று ஒரு சின்னப் பட்டியல் வைத்து, வந்த சொல் அதில் இருந்தால் நம் கையால் எழுதிய பத்திப் பெயரைப் போடுங்கள். இல்லாவிட்டால் நிராகரித்துவிடுங்கள்.

அப்புறம் லைக் என்று ஒன்று இருக்கிறது. பெயரின் ஒரு பகுதியை வைத்துத் தேடுவதற்கு. அதில் சதவீதக் குறி போட்டால் 'எதுவாக இருந்தாலும்' என்று பொருள். பெட்டியில் வெறும் % என்று ஒருவர் போட்டால், பாராமீட்டராகவே போனாலும் எல்லோரும் வந்துவிடுவார்கள். அந்தக் குறியை வெறும் எழுத்தாக எடுத்துக்கொள் என்று தனியாகச் சொல்ல வேண்டும். அடிக்கோடும் இப்படித்தான், ஏதாவது ஓர் எழுத்து என்று பொருள்படும்.

காலியாக இருக்கிற தகவல் இன்னொரு தொல்லை. நகரத்தார் வீட்டுத் திருமணத் தகவல் பட்டியல் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கோயில்கள் ஒன்பது. ஒரே கோயில், ஒரே பிரிவு என்றால் பங்காளி, மணம் கிடையாது. ஆகவே, பையனுடைய கோயில் இளையாற்றங்குடி, பிரிவு இன்னது என்றால், அந்தப் பிரிவு அல்லாதவர்களைக் காட்டு என்று 'சமமல்ல' போட்டு எழுதுவோம். எழுதினால், பிரிவு என்ற கட்டத்தை நிரப்பாமல் விட்ட பெண்கள் ஒருத்தர்கூட வரமாட்டார்கள். ஏனென்றால் எஸ்.க்யூ.எல். கணக்கில் காலி என்பது சமமும் இல்லை, சமமல்லாததும் இல்லை, 'தெரியாது'. தெரியாது என்றால் சல்லடையில் தங்காது. பிழை என்றும் சொல்லாது, சத்தமில்லாமல் விட்டுவிடும். அந்தப் பெண்ணின் ஆச்சி, நம்ம வீட்டுக்கு மட்டும் ஏன் ஒரு ஜாதகமும் வரலை என்று யோசித்துக்கொண்டிருப்பார்! ரத்த வகைப் பட்டியலுக்கும் இதே கதைதான். நிரப்பாதவர்களையும் வேண்டும் என்றால் 'அல்லது காலியாக இருந்தால்' என்று தனியாக எழுத வேண்டும்.

இதுவரை சொன்னது கேள்வியை எப்படி எழுதுவது என்பது. யார் கேட்கிறார் என்பது இன்னும் பெரிய விஷயம். உறுப்பினர் எண் 412 என்று போட்டால் என் விவரம் வருகிறது. நான் 413 என்று மாற்றிப் போட்டால்? பாராமீட்டர் சரியாக இருக்கிறது, ஒட்டுப் போடவில்லை, இலக்கணம் சுத்தம். ஆனாலும் அடுத்தவர் வீட்டு முகவரி என் கையில் வந்துவிடும். 1-இலிருந்து ஆரம்பித்து ஒரு சின்ன நிரலை ஓட விட்டால் ராத்திரிக்குள் முழுப் பட்டியலும் வந்துவிடும். இதற்கு எஸ்.க்யூ.எல். தெரிய வேண்டியதே இல்லை, எண்ணத் தெரிந்தால் போதும்.

ஆகவே வடிகட்டிகளில் இரண்டு ஜாதி உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, கேட்பவர் கொடுப்பது. ஊர், ஆண்டு, துறை. மற்றொன்று, கேட்பவரைப் பற்றியது. இவர் யார், இவருக்கு எதைப் பார்க்க அனுமதி. இரண்டாவது ஜாதி மதிப்பைக் கேட்பவரிடமே வாங்கக்கூடாது. உள்ளே நுழையும்போது கடவுச்சொல் கொடுத்தாரே, அதிலிருந்து நம் சர்வர் தானாக எடுத்து, ஒவ்வொரு கேள்வியிலும் 'அண்ட்' போட்டுச் சேர்க்க வேண்டும். தொலைபேசி எண்ணைக் காட்டலாம் என்று சம்மதித்தவர்களை மட்டும் எடு என்பதும் இந்த வகைதான். அது பெட்டியாக வெளியே தெரியவே கூடாது. வெளியே தெரிந்தால் யாராவது மாற்றுவார்கள்.

தகவல் தளத்துக்குள் போகிற நம் ஏ.பி.ஐ.-க்கும் அதிகாரத்தை அளந்துதான் கொடுக்க வேண்டும். நம் ஊரிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கடை வைத்தவர்கள், மூன்று வருஷக் கணக்குக்கு ஏஜெண்டை அனுப்பும்போது பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். இவர் எங்கள் பெயரில் இன்னின்ன செய்யலாம் என்று அதில் இருக்கும். தேடிக் காட்டுகிற வேலைக்குப் போகிற ஏ.பி.ஐ.-க்குப் படிக்கிற அதிகாரம் போதும். அழிக்கிற அதிகாரம் எதற்கு? நடைமுறையில் பலர் நிர்வாகியின் கடவுச்சொல்லையே போட்டு ஓட்டிவிடுகிறார்கள். அவசரம் என்பார்கள். அவசரம் முடிந்த பிறகும் மாற்ற மாட்டார்கள்.

இன்னொன்று. யூ.ஆர்.எல். வழியாகப் போகிற பாராமீட்டர் சர்வரின் பதிவேட்டிலும் உலாவியின் பழைய பக்கங்களிலும் எழுத்தாகத் தங்கிவிடும். ஊர், துறை போனால் பரவாயில்லை. தொலைபேசி எண்ணை அதில் அனுப்பாதீர்கள்.

நான் பேச ரொம்ப ஆசைப்பட்ட பகுதிக்கு இப்போதுதான் வருகிறேன். தமிழில் தேடுவது. கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்களைப் பெரியவர்கள் அறிவார்கள். அவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும் அழைப்பிதழ்களும் நோட்டீஸுகளுமாக ஏறத்தாழ ஒரு லட்சம். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. வாங்கியதைக் கப்பலேற்றாமல் தமிழ்நாட்டிலேயே வைத்து, 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக ஆக்கினார்கள். கோட்டையூர் வீட்டில் இருந்தபோது, எந்தப் புத்தகம் எங்கே என்று தெரிய அவரைக் கேட்க வேண்டும். இன்றைக்கு அப்படி ஒரு சேகரிப்பில் எதையும் தேடவேண்டும் என்றால் வடிகட்டிதான் வழி. ஆசிரியர், தலைப்பு, ஆண்டு. பெட்டியில் போடுகிற தமிழ் சரியாகப் பொருந்தினால்தான் புத்தகம் கிடைக்கும். பொருந்தாவிட்டால், அலமாரியில் இருக்கிற புத்தகமே 'இல்லை' என்று ஆகிவிடும்.

பொருந்துவதில் என்ன கஷ்டம் என்கிறீர்களா? கோட்டையூர் என்பதில் முதல் எழுத்து கோ. யூனிகோடில் அதைக் 'க' என்ற எழுத்தும் ஓகாரக் குறியும் என்று இரண்டு எண்களாக எழுதலாம். 'க', ஏகாரக் கொம்பு, கால் என்று மூன்று எண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அப்படியே எண்ணுக்கு எண் ஒப்பிடுகிற கணிப்பொறிக்கு வேறு வேறு. உள்ளே ஏற்றும்போது ஒரு விதம், தேடும்போது ஒரு விதம் என்றால் கோட்டையூரில் ஒருவரும் இல்லை என்று பதில் வரும். இதற்கு யூனிகோடே நார்மலைசேஷன் என்று ஒரு முறை வகுத்திருக்கிறது. ஏற்றும்போதும் தேடும்போதும் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஆனால் ஔவையாருக்கு அது உதவாது. ஔ என்ற உயிரெழுத்துக்குப் பதிலாக ஒ போட்டு ள போட்டு ஒளவையார் என்று தட்டச்சு செய்கிறவர்கள் ஏராளம். அச்சில் பார்த்தால் பாட்டிக்கே வித்தியாசம் தெரியாது. யூனிகோடு கணக்கில் அவை வேறு வேறு சொற்கள்தான். அதை நாம்தான் கவனித்துச் சேர்க்க வேண்டும்.

பெயர்கள் இன்னும் மோசம். நம் வள்ளலின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அழகப்பச் செட்டியார் என்று ச் போட்டு எழுதுவோர் உண்டு, போடாமல் எழுதுவோர் உண்டு. முன்னால் ராம. என்று போடுவார்கள், ஆங்கில எழுத்தை வைத்து ஆர்.எம். என்றும் போடுவார்கள். நம் பக்கத்தில் விலாசம் என்று மூன்று நான்கு தலைமுறையின் எழுத்தை முன்னால் அடுக்குகிற வழக்கம் வேறு. புள்ளி வைத்து, வைக்காமல், இடம் விட்டு, விடாமல். இதையெல்லாம் 'பெயர் = ?' என்ற ஒரே வரியில் பிடிக்க முடியாது. தலைப்பெழுத்துக்கு ஒரு பத்தி, பெயருக்கு ஒரு பத்தி. அதோடு புள்ளியும் இடைவெளியும் நீக்கி, ஒற்று மிகுவதையும் சமன் செய்த தேடுபெயர் என்று ஒரு தனிப்பத்தி. அச்சிடுவதற்கு அவர் எழுதியபடியே பெயர், தேடுவதற்கு இந்தப் பெயர். இந்த வேலையை அமெரிக்காவில் எழுதிய எந்தப் புத்தகமும் நமக்குச் சொல்லித் தராது. நம் பிள்ளைகள்தான் செய்யணும். டி'சில்வா கிடைக்கிற பட்டியலில் ராம. அழகப்பன் கிடைக்காமல் போகக்கூடாது பாருங்கள்.

இப்போது ஏ.ஐ.-யிடம் சொன்னால் இந்த நிரலை எல்லாம் அதுவே எழுதித் தந்துவிடுகிறதே என்று ஒரு தம்பி முணுமுணுப்பது கேட்கிறது. தரும், தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். பாராமீட்டரும் பல சமயம் சரியாகவே போட்டுத் தரும். ஆனால் 413-ஐ நான் பார்க்கலாமா கூடாதா என்பது அதற்குத் தெரியாது. அது சங்கத்தின் முடிவு. 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில், தகுந்த பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. சங்கத்தின் பொருளாளர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இதைச் சொல்கிறேன். (சிரிப்பு)

பட்டியல் வெளியே போவதற்கு முன்னால் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, உங்கள் தேடுபெட்டியில் ஒன்றும் போடாமல் அழுத்திப் பாருங்கள். ஒற்றை மேற்கோள் குறியை மட்டும் போட்டுப் பாருங்கள். சதவீதக் குறி போட்டுப் பாருங்கள். கோட்டையூரை இரண்டு விதமாகத் தட்டச்சு செய்து பாருங்கள். உங்கள் நண்பனின் கணக்கில் நுழைந்து, உங்கள் எண்ணைக் கேட்டுப் பாருங்கள். என்ன வந்தது என்று எழுதி, செயற்குழுவுக்கு ஒரு தாளில் கொடுங்கள். அதைப் பார்த்த பிறகு என் தொலைபேசி எண்ணைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவரை கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

இலை போட்டாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள்.